முதல் கோஷ்டி தொடங்கும்போது வாருங்கள்: கண்டியின் இரவு இசை நேயர்களுக்கு ஒரு திறந்த மடல்

கண்டி நகரிலிருந்தும் பேராதனை, கட்டுகஸ்தோட்டை, திகன, கம்பளைப் பக்கங்களிலிருந்தும் ரொக் கேட்க வரும் நேயர்களுக்கு,

இரவு ஏழரை மணி. தலதா மாளிகையில் மாலைப் பூசையின் மேளம் ஓய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. வாவிக்கரைக் காற்று குளிர்ந்துவிட்டது. நகரின் நடுவே, கடைகளுக்கு மேலே படியேறிப் போகும் ஒரு சிறிய கிளப்பில் நான்கு இளைஞர்கள் மேடையேறுகிறார்கள். தரையிலிருந்து அரையடி உயர்த்திய பலகைதான் மேடை. ட்ரம்ஸ்காரர் குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணுகிறார். பாட்டு தொடங்குகிறது. கேட்பதற்கு ஒன்பது பேர் இருக்கிறார்கள்: ஒலிக்கலவை மேசையில் நிற்பவர், பாரில் கோப்பை துடைப்பவர், பேஸ் கிற்றார்காரரின் அக்கா, அக்காவின் தோழிகள் இருவர், அடுத்து வாசிக்க இருக்கும் கோஷ்டியின் நால்வர்.

அந்த நேரத்தில் நீங்கள் கீழே தெருவில் கொத்துரொட்டிக்குக் காத்திருக்கிறீர்கள். அல்லது இன்னும் வீட்டிலிருந்தே கிளம்பவில்லை. கொழும்பிலிருந்து வரும் பெரிய கோஷ்டி ஒன்பது மணிக்குத்தானே ஏறும், அதற்கு முன் போய் என்ன செய்வது என்று யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். நீங்கள் படியேறி வரும்போது முதல் கோஷ்டி வயர்களைச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கும். அவர்களுடைய முகத்தை நீங்கள் பார்ப்பதில்லை. பெயரும் உங்களுக்குத் தெரியாது.

இந்த மடல் அந்த முப்பது நிமிடங்களைப் பற்றியது. கண்டியில் ரொக் இசை நிலைக்குமா என்பது பெரிய கோஷ்டியின் இரவைப் பொறுத்து முடிவாவதில்லை. ஏழரை மணிக்கு அந்த அறையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே முடிவாகிறது. அதனால்தான் இது கிளப் உரிமையாளர்களுக்கோ ஏற்பாட்டாளர்களுக்கோ எழுதப்படாமல் உங்களுக்கு எழுதப்படுகிறது.

முதலில் வாசிக்கும் பிள்ளைகள் யார்? ஒருவர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர். இன்னொருவர் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர். மற்றவர் தொலைபேசிக் கடையில் வேலை செய்கிறார், நாலாமவர் புசல்லாவையிலிருந்தோ மாத்தளையிலிருந்தோ பஸ் ஏறி வருகிறார். ஒத்திகை யாராவது ஒருவருடைய வீட்டு முன்னறையில் நடக்கும். ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து வைத்து, அயலவர் கதவைத் தட்டும் வரை வாசிப்பார்கள். கிற்றார் நரம்பு, ட்ரம்ஸ் குச்சி, பெடல், வயர் எல்லாமே இறக்குமதிப் பொருட்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தாண்டியது. பெரிய கோஷ்டிக்கு அது கணக்கில் ஒரு சுமை. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கோ அறுந்த நரம்பை மாற்றுவதா, முடிச்சுப் போட்டுச் சமாளிப்பதா என்ற கேள்வி. அதே மார்ச் மாத இறுதியில் நாட்டில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டது. மின்சாரம் இல்லாமல் மின்கிற்றார் ஒலிக்காது. அந்த மாதங்களிலும் கிற்றாரை விற்றுவிடாமல் வைத்திருந்தவர்கள்தான் இன்று உங்கள் முன் வாசிக்கிறார்கள்.

கண்டிக்கு இந்த இசை புதிதல்ல. பரனோய்ட் ஏர்த்லிங் என்ற கோஷ்டி 2001இல் இந்த ஊரில்தான் தொடங்கியது. மிர்ஷாட் பக்மன் அதன் பாடகரும் முன்னணி முகமுமாக நின்றார். கிரஞ்ச், ஸ்டோனர், சைக்கடெலிக் என்று பிரித்துச் சொல்லப்படும் ரொக் வகைகளைக் கலந்து, பிறர் பாட்டைத் திருப்பிப் பாடாமல் தங்கள் சொந்தப் பாட்டை ஆங்கிலத்தில் எழுதி வாசித்து, இலங்கையின் முக்கியமான ரொக் கோஷ்டிகளில் ஒன்றாக அது பெயர் பெற்றது. கொழும்பின் ஸ்டிக்மாட்டா கோஷ்டி 1990களின் இறுதியில் உருவாகி, 2003இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்ட காலம் அது. தலைநகரில் ஒலிப்பதிவுக் கூடங்கள் இருந்தன, ஆங்கில வானொலிகள் இருந்தன, டி.என்.எல். வானொலி நடத்திய ஓன்ஸ்டேஜ் போன்ற கோஷ்டிப் போட்டிகளும் இருந்தன. கண்டியிலிருந்து அங்கே போக 115 கிலோமீற்றர் மலையிறங்க வேண்டும். கடுகண்ணாவைக் கணவாயில் வான் ஒன்றில் ட்ரம்ஸோடு நெருக்கியடித்து உட்கார்ந்து போய், வாசித்துவிட்டு, விடியற்காலையில் திரும்பி வருவதுதான் ஒரு மலையகக் கோஷ்டியின் வழமை. சொந்த ஊரில் கேட்க ஆள் இருந்தால் அந்தப் பயணம் பாதியாகக் குறையும்.

இப்போது ஒரு நிகழ்ச்சி எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். வெளியிலிருந்து வருபவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

ஒலிச் சரிபார்ப்பு தலைகீழாக நடக்கும். கடைசியில் வாசிக்கும் பெரிய கோஷ்டி முதலில் சரிபார்க்கும். அதற்கு அடுத்தது பிறகு. முதலில் வாசிக்கும் கோஷ்டி கடைசியாகச் சரிபார்க்கும். காரணம் எளிது: கடைசியாகச் சரிசெய்த அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு நிகழ்ச்சியைத் தொடங்கலாம். ஏற்பாடு நல்லதுதான், எல்லோரும் நேரத்துக்கு வந்தால். கொழும்பிலிருந்து வரும் வான் கேகாலையிலோ மாவனல்லையிலோ நெரிசலில் நின்றுவிட்டால் பெரிய கோஷ்டியின் சரிபார்ப்பு ஐந்து மணிக்குப் பதில் ஆறரைக்குத் தொடங்கும். முதல் கோஷ்டிக்கு மிஞ்சுவது ஐந்து நிமிடம். மைக் வேலை செய்கிறதா, வயரில் ஒலி வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாசிக்கத் தொடங்க வேண்டியதுதான். பாடகரின் குரல் கிற்றாருக்குள் அமுங்கிப்போவதைக் கேட்டு, இவர்களுக்குப் பாடத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குரலைச் சரிசெய்ய யாருக்கும் நேரம் கிடைத்திருக்காது.

இடமும் அப்படித்தான். பெரிய கோஷ்டியின் ட்ரம்ஸ் மேடையின் பின்பாதியில் நிலையாக நிற்கும். முதல் கோஷ்டி அதற்கு முன்னால் மிஞ்சிய இடத்தில் ஒதுங்கி நிற்கும். ட்ரம்ஸைக் கடன் வாங்கினாலும் ஸ்நேயர் மேளத்தையும் சிம்பல் தட்டுகளையும் தாங்களே சுமந்து வருவார்கள். அதுதான் இந்த வட்டாரத்தின் மரியாதை.

மூன்றாவது, நேரம். உயர் நீதிமன்றம் 2007 நவம்பர் 9 அன்று வழங்கிய உத்தரவு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொலிஸார் அனுமதிப்பத்திரம் கொடுப்பதைத் தடைசெய்தது. வீடுகளும் விகாரைகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும் அடுத்தடுத்து நிற்கும் கண்டி போன்ற ஊரில், திறந்தவெளியிலும் ஒலி வெளியே கசியும் மண்டபத்திலும் பத்து மணி என்பது சுவர். அதைத் தள்ளிவைப்பது எளிதல்ல. கூட்டம் எட்டரைக்கு வந்தால் ஏற்பாட்டாளர் எட்டரை வரை தொடங்காமல் காத்திருப்பார். வெறும் அறையில் தொடங்க அவருக்கும் மனம் வராது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்தோ கழிய வேண்டும். பெரிய கோஷ்டியிடமிருந்து கழியாது, அவர்களுடைய பெயருக்குத்தான் ரிக்கற் விற்றது. முதல் கோஷ்டியின் எட்டுப் பாட்டு நாலாகும், நாலு இரண்டாகும். சில இரவுகளில், வந்த பிள்ளைகள் வாசிக்காமலே கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குப் போவார்கள். உங்கள் தாமதத்தின் விலையை இன்னொருவர் கொடுக்கிறார் என்று இந்த மடல் சொல்வது இதைத்தான்.

உங்கள் வருகை இன்னொன்றையும் செய்கிறது. 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசியது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் ஐந்து விநாடிக்கு மேல் சுவருக்குச் சுவர் அலைந்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபின் என்ற இளம் பௌதிகவியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, ஓர்கன் குழலை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். மெத்தை ஒலியை எப்படி உறிஞ்சுகிறதோ அப்படியே மனித உடலும் உடுத்த துணியும் உறிஞ்சும் என்பதையும் அளந்து எழுதினார். இன்றைய மண்டப ஒலியியல் அந்த இரவுகளில் பிறந்தது.

கண்டியின் சிறிய கிளப் ஒன்றை இந்தக் கண்ணால் பாருங்கள். தரை ஓடு, ஜன்னல் கண்ணாடி, கூரை கொங்கிரீற். அறை வெறுமையாக இருந்தால் ட்ரம்ஸின் ஒவ்வொரு அடியும் திரும்பி வந்து அடுத்த அடியோடு மோதும். அறுபது பேர் நின்றால் அதே ட்ரம்ஸ் தெளிவாகக் கேட்கும். பெரிய கோஷ்டி இவ்வளவு நன்றாக ஒலிப்பதற்கு ஒரு காரணம் நீங்கள் அங்கே நிற்பது. முதல் கோஷ்டி இரைச்சலாகக் கேட்பதற்கு ஒரு காரணம் நீங்கள் இன்னும் வராதது. கைதட்டாவிட்டாலும் பரவாயில்லை, நின்றாலே ஒலி திருந்தும்.

நேரத்தோடு வந்த ஒருவரால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் இரவைச் சொல்லலாம். 1993 மே 31. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிங் டட்ஸ் வா வா ஹட் என்று 300 பேர் கொள்ளும் ஒரு கிளப். மான்செஸ்டரிலிருந்து வான் பிடித்து ஒரு கோஷ்டி வந்து நின்றது. நிகழ்ச்சி நிரலில் அவர்களுக்கு இடமே இருக்கவில்லை. கேட்டு, வற்புறுத்தி, எல்லோருக்கும் முன்னால் நாலைந்து பாட்டு வாசிக்க இடம் வாங்கினார்கள். வேறு கோஷ்டிகளைப் பார்க்க வந்திருந்த கிரியேஷன் ரெக்கோர்ட்ஸ் உரிமையாளர் அலன் மெக்கீ அன்று முன்கூட்டியே வந்திருந்தார். வாசித்து முடித்தவுடனே அவர்களோடு ஒப்பந்தம் பேசினார். அந்தக் கோஷ்டியின் பெயர் ஒயேசிஸ். மூன்று ஆண்டு கழித்து, 1996 ஓகஸ்ட்டில், நெப்வர்த் மைதானத்தில் இரண்டு இரவுகளில் இரண்டரை இலட்சம் பேர் அவர்களைக் கேட்டார்கள். மெக்கீ ஒரு மணி நேரம் பிந்தி வந்திருந்தால் அன்றைய இரவு அவருக்கு இன்னொரு சாதாரண இரவாகவே முடிந்திருக்கும்.

லிவர்பூலின் கவர்ன் கிளப் ஒரு களஞ்சியத்தின் நிலவறை. பீட்டில்ஸ் கோஷ்டி அந்தப் பெயரில் அங்கே முதலில் வாசித்தது 1961 பெப்ரவரி 9, மதிய இடைவேளையில். அலுவலகப் பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் வந்து கேட்டார்கள். பின்னாளில் அவர்களுடைய முகாமையாளரான பிரையன் எப்ஸ்டைன் அதே ஆண்டு நவம்பர் 9 அன்று அவர்களை முதன்முதலாகப் பார்த்ததும் ஒரு மதியத்தில்தான். 1963இன் தொடக்கத்தில்கூட அவர்கள் ஹெலன் ஷபீரோ என்ற பாடகியின் சுற்றுப்பயணத்தில் கீழ்வரிசைக் கோஷ்டி.

எதிர் உதாரணமும் உண்டு. 1967 ஜூலையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்காவில் மங்கீஸ் கோஷ்டிக்கு முன்னால் வாசித்தார். மொன்டரேய் விழாவில் அவர் வாசித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வந்திருந்த சிறுமிகள் மங்கீஸ் பாடகர்களின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார்கள். பத்து நாளுக்குள் அவர் அந்தப் பயணத்திலிருந்து விலகிவிட்டார். மின்கிற்றாரின் வரலாற்றையே மாற்றிய கைகள் அவர்கள் கண்ணெதிரே இருந்தன. அவர்களோ அடுத்த கோஷ்டிக்காகக் காத்திருந்தார்கள்.

நமக்குப் பக்கத்திலும் ஒன்று நடந்தது. அயர்ன் மெய்டன் 2007 மார்ச் 17 அன்று பெங்களூரில் வாசித்தபோது டெல்லியின் பரிக்கிரமா அவர்களுக்கு முன்னால் மேடையேறியது. 1991இல் தொடங்கிய கோஷ்டி, வயலினும் தபலாவும் சேர்த்து ரொக் வாசிப்பவர்கள். அந்த மேடையிலிருந்து அதே ஆண்டு இங்கிலாந்தின் டவுன்லோட் விழாவுக்கு அவர்களுக்கு அழைப்பு வந்தது.

இந்தக் கதைகளைச் சொல்வதால் கண்டியில் ஏழரைக்கு வாசிக்கும் ஒவ்வொரு கோஷ்டியும் ஒயேசிஸ் ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலானவை ஆகாது. இரண்டு வருடத்தில் ஒருவர் கட்டாருக்குப் போவார், ஒருவர் அரசாங்க வேலைக்குப் போவார், கிற்றார் அலுமாரிக்கு மேலே ஏறும். இருந்தாலும் அந்த முப்பது நிமிடம் வீணாகாது. அந்த மேடையில் நின்ற ஒருவர் பிறகு ஒலிக்கலவை கற்றுக்கொள்கிறார், ஒருவர் பாடசாலையில் இசை சொல்லிக்கொடுக்கிறார், ஒருவர் நேயராகி அடுத்த தலைமுறைக் கோஷ்டிக்கு முன்னால் நிற்கிறார். ஓர் ஊரின் இசை இப்படித்தான் வேர்விடுகிறது.

இளையவர்களை முதலில் ஏற்றுவது நம் மரபிலும் உள்ள வழக்கம். சென்னையின் மார்கழி இசை விழாவில் பல சபாக்கள் நண்பகலையும் பிற்பகலையும் இளம் கலைஞர்களுக்கு ஒதுக்குகின்றன. அந்தக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. மாலையில் மூத்த வித்துவான்கள். இன்று மாலை மேடையில் வீற்றிருப்பவர்களில் பலர் ஒருகாலத்தில் பாதி நிறைந்த அரங்கில் மதிய வெயிலுக்குப் பாடியவர்கள். அங்கே மதியமே வந்து உட்காரும் சில முதியவர்கள் உண்டு. எந்தப் பெண்ணின் தோடி இந்த ஆண்டு தேறியிருக்கிறது, எந்தப் பையனின் நிரவல் இன்னும் அவசரப்படுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கண்டியின் ரொக் மேடைக்கு இல்லாதது அந்த மதிய நேயர்கள்தான்.

பேராதனை அதைவிடப் பக்கம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களைக் கொண்டு கூத்தைப் புது மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர், அடுத்து நொண்டி நாடகம், அதன்பின் இராவணேசன். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி அரங்கின் ஆசானானார். ஈழத்து நவீன அரங்கின் ஒரு கிளை, மாணவர்கள் ஆடி மாணவர்கள் பார்த்த இரவுகளில் தளிர்த்தது. அதே வளாகத்தின் திறந்தவெளி அரங்கைப் பற்றிச் சிங்கள நாடகக்காரர்கள் இன்றும் மரியாதையோடும் பயத்தோடும் பேசுவார்கள். அங்கே பார்வையாளர் பிடிக்காததைச் சத்தமாகச் சொல்வார்கள், பிடித்ததை அதைவிடச் சத்தமாகக் கொண்டாடுவார்கள். முக்கியமாக, முதல் காட்சியிலிருந்தே அங்கே இருப்பார்கள்.

எசல பெரஹராவைவிட நல்ல சான்று கண்டிக்கு வேண்டாம். ஊர்வலத்தில் முதலில் வருவது புனிதப் பேழையைச் சுமக்கும் யானை அல்ல, சவுக்கடிக்காரர்கள். அவர்களுடைய சவுக்கு தெருவில் வெடிக்கும் ஓசைதான் தொடக்கம். பிறகு தீப்பந்தம் சுழற்றுவோர், கொடி பிடிப்போர், மேளக்காரர், நடனக்காரர். அந்த முதல் சவுக்கடியைக் கேட்பதற்காக மக்கள் மதியமே பாய் விரித்து நடைபாதையில் உட்கார்ந்துவிடுவார்கள். மாளிகை யானை வரும் நேரத்துக்கு மட்டும் வந்தால் போதும் என்று இந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. முன்னால் வருபவரைப் பார்க்கும் பொறுமை உங்கள் ஊரின் குணம். அந்தக் குணத்தைப் படியேறிக் கிளப்புக்கும் எடுத்துவாருங்கள்.

கிளப்புக்குள் வர முடியாதவர்களைப் பற்றியும் பேச வேண்டும். 2006ஆம் ஆண்டின் சட்டப்படி இந்நாட்டில் 21 வயதுக்குட்பட்டவருக்கு மது விற்கக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் ரொக் மேடைகளில் பல மதுச்சாலைகளுக்குள்ளே இருப்பதால், இந்த இசையை வெறியோடு கேட்கும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் வாசலிலேயே நிற்க நேர்கிறது. மேடையில் இருப்பவருக்குப் பத்தொன்பது வயது, அவருடைய வகுப்புத் தோழருக்கு உள்ளே இடமில்லை.

இதே சிக்கலை மற்ற ஊர்களில் எப்படித் தீர்த்தார்கள் என்று பாருங்கள். 1979 கோடையில் டப்ளின் நகரின் டண்டெலைன் சந்தையில் யூ2 கோஷ்டி சனிக்கிழமைப் பிற்பகல்களில் வாசித்தது. மதுச்சாலைக்குள் நுழைய முடியாத வயதுப் பிள்ளைகள் அங்கே வந்து குவிந்தார்கள். அந்தப் பிள்ளைகளே கோஷ்டியின் முதல் படை. 1980இல் சான்பிரான்சிஸ்கோவின் மபுஹாய் கார்டன்ஸ் கிளப், வயது குறைந்த டீன் ஐடில்ஸ் கோஷ்டியின் புறங்கையில் கறுப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டது. இவருக்கு மது கொடுக்காதே என்பது குறியின் பொருள். அவர்கள் அந்த யோசனையைத் தங்கள் ஊரான வொஷிங்டனுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே அது ஒரு தலைமுறையின் அடையாளமானது.

கண்டியிலும் இது முடியும். பாடசாலை மண்டபங்கள் இருக்கின்றன. பேராதனை வீதியில் பிரெஞ்சுப் பண்பாட்டு நிலையமான அலியான்ஸ் பிரான்ஸேஸ் இருக்கிறது. ஜூன் 21ஐ இசை நாளாகக் கொண்டாடும் வழக்கம் 1982இல் பிரான்ஸில்தான் தொடங்கியது, அந்த நாளில் அங்கே ஒரு மேடை கேட்கலாம். போயா நாட்களில் மது விற்பனை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதேபோல் மது இல்லாத ஒரு ஞாயிறு பிற்பகலில், மூன்று மணி முதல் ஆறு மணி வரை, தேநீரும் ரோல்ஸும் விற்று மூன்று இளம் கோஷ்டிகளை ஏற்றினால் ஒலிபெருக்கி உத்தரவும் தடையில்லை, கடைசி பஸ்ஸும் கவலையில்லை. இதை நேயர்களாகிய நீங்கள் கேட்டால் கிளப் நடத்துபவர் யோசிப்பார். கோஷ்டி கேட்டால் அவர் கூட்டம் வருமா என்று திருப்பிக் கேட்பார். கூட்டம் நீங்கள்தான்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். கண்டியின் இளம் கோஷ்டிகளில் தமிழ்ப் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டோ சிங்களப் பாட்டோ பாடுவார்கள், அதில் தவறில்லை. இந்த நாடு ஒருகாலத்தில் நித்தி கனகரத்தினத்தையும் ஏ.ஈ. மனோகரனையும் தந்து தமிழில் பொப் இசை என்று ஒன்றை நிலைநாட்டியது. கிற்றாரைக் கையில் எடுத்தவர் இங்கிருந்து பாடினால் தமிழ்நாடும் திரும்பிப் பார்க்கும் என்று மனோகரனின் சுராங்கனி காட்டியது. மலையகத்தின் தப்பும் காமன் கூத்தும் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளையின் கையில் ட்ரம்ஸ் குச்சி கிடைத்தால் என்ன தாளம் பிறக்கும்? அதை அவர் முதலில் வாசித்துப் பார்ப்பது ஒரு சிறிய அறையில், முதல் கோஷ்டியின் நேரத்தில்தான். அங்கே வரவேற்பு இல்லையென்றால் அந்தத் தாளம் வீட்டோடு நின்றுவிடும்.

அதனால் ஒரு வேண்டுகோள். பாடகர் மைக்கைப் பிடித்து, கொஞ்சம் தயங்கி, இது எங்கள் சொந்தப் பாட்டு என்று சொல்லும் கணம் ஒவ்வொரு இரவும் வரும். அந்தக் கணத்தில்தான் பலர் பாருக்குத் திரும்புகிறார்கள், அல்லது தெரிந்த பாட்டைப் பாடச் சொல்லிப் பின்னாலிருந்து கூவுகிறார்கள். அந்த நான்கு நிமிடம் மட்டும் நில்லுங்கள். அவர் மாதக்கணக்காக எழுதியது அது.

நன்றாக இல்லாவிட்டால்? சில நேரம் நன்றாக இருக்காது. சுருதி விலகும், ட்ரம்ஸ் ஓடும், பாட்டு முடியும் இடம் தெரியாமல் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அப்படியென்றால் அடுத்த மாதமும் வாருங்கள். சிறிய அறையில் முதல் கோஷ்டியைத் தொடர்ந்து கேட்பதன் இன்பம் அதில் இருக்கிறது. மார்ச்சில் ஓடிய ட்ரம்ஸ் ஜூனில் நிதானிக்கும். மூன்றாம் முறை கேட்கும்போது அந்தப் பாட்டின் நடுப்பகுதியை அவர்கள் மாற்றியிருப்பதை நீங்கள் கண்டுபிடிப்பீர்கள். பெரிய கோஷ்டி உங்களுக்கு முடிந்த பாட்டைத் தருகிறது. இவர்கள் பாட்டு உருவாவதைக் காட்டுகிறார்கள். வாசித்து முடித்து இறங்கியதும் அருகில் போய், இரண்டாம் பாட்டின் கிற்றார் நன்றாக இருந்தது, குரல்தான் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். முகநூலில் போடும் பொதுப் பாராட்டைவிட அந்த ஒரு வரி அவர்களுக்கு உதவும்.

ரிக்கற்றைப் பதாகையில் பெரிதாக அச்சிட்ட பெயருக்காக வாங்குங்கள், சரி. அதே பதாகையின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் பெயரையும் வாசித்துவிட்டு வாருங்கள். அங்கே பெயரே இல்லாமல் மற்றும் பலர் என்று இருந்தால், யார் அந்தப் பலர் என்று ஏற்பாட்டாளரைக் கேளுங்கள். தொலைபேசியில் படம் பிடித்துப் போட்டால் கோஷ்டியின் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். அவர்கள் மேசையில் இருநூறு ரூபாய் ஸ்டிக்கர் வைத்திருந்தால் ஒன்று வாங்குங்கள். நாளைக்கு நரம்பு வாங்க அது சேரும்.

அடுத்த நிகழ்ச்சிக்குப் பதாகையில் ஏழரை என்று போட்டிருந்தால் ஏழு இருபதுக்குப் படியேறுங்கள். கொத்துரொட்டியைப் பிறகு சாப்பிடலாம், கடை பதினொன்று வரை திறந்திருக்கும். உள்ளே வந்ததும் சுவரோரம் ஒதுங்காதீர்கள். மேடைக்கும் முதல் மேசைக்கும் நடுவில் ஆறடி இடம் எப்போதும் வெறுமையாகக் கிடக்கும். முதல் கோஷ்டி அந்த வெற்றுத் தரையைப் பார்த்தபடிதான் இதுவரை வாசித்துவந்திருக்கிறது. அங்கே போய் நில்லுங்கள். ட்ரம்ஸ்காரர் குச்சிகளைத் தட்டி எண்ணத் தொடங்குவார்.

அன்புடன்,
கண்டியின் சிறிய மேடைகளை நேசிக்கும் ஒரு நேயர்